ஜூன் முப்பத்தொன்று

ஓடைக்கரைப்பட்டியில் ஜூன் மாதத்துக்கு முப்பத்தொரு நாள் வந்த அந்த வருஷமும் மழை வழக்கம்போல ஏமாற்றியிருந்தது, கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நின்றது, ஊரில் பாதிப்பேர் பட்டாசு ஆலைக்கும் மீதிப்பேர் பக்கத்து டவுனில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள், ஆக எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, அந்த ஒரு நாள் கூடுதலாக வந்ததைத் தவிர. அது ஏன் வந்தது என்று கேட்டால் வேலுத்தாய் விட்ட ராக்கெட்டால் வந்தது என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அதற்கு மேல் அந்த ஊரில் யாரும் காரணம் கேட்டதில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

வேலுத்தாய் அந்தப் பிரஸ்ஸில் தினசரி காலண்டர் தாள்களை அடுக்கிக் கட்டும் வேலை பார்த்தவள். அவள் புருஷன் தவசிலிங்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவன். நாலு வருஷத்துக்கு முன்னால், புரட்டாசியில், தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நின்ற நேரத்தில் மருந்து அறை வெடித்து அவனும் கூட இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் போர்மேன் குருவையா, “தவசி அளவு தப்பிக் கலந்துட்டான்யா, நல்ல பையன்தான், என்ன செய்ய” என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள், எழுதினது எழுதினதுதான், அன்றிலிருந்து வேலுத்தாய்க்கு ஊரில் பேர் அளவு தப்பினவன் பெண்டாட்டி.

அவளுக்கு அது தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக நாலு வருஷம் நின்றது. தவசி அளவு தப்புகிறவன் இல்லை, வீட்டில் ரசத்துக்கு உப்புப் போடக்கூட உள்ளங்கையில் வைத்து ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போடுவான் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் ரசத்தை யார் சாட்சிக்கு எடுத்துக்கொள்வார்கள்? கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவன் ஒவ்வொரு வருஷமும் தன் கையால் ஒரு ராக்கெட் செய்து விடுவான், அந்த மருந்தின் அளவு அவளுக்கு மனப்பாடம். அதே அளவில் தானே ஒன்று செய்து, ஊரே பார்க்க, அது நேராக மேலே போய்ப் பாராசூட்டை விரித்து நேராகக் கீழே வந்துவிட்டால் அதற்குப் பிறகு எவன் வாய் பேசும் என்று அவள் நினைத்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் தரமாட்டார்கள் என்பதால்.

கையில் காசு இல்லாதவள் செய்யும் ராக்கெட் என்பதால் அது ஊரில் வேண்டாமென்று போட்ட சாமான்களாலேயே உருவானது. பிரஸ்ஸில் கழிவுத்தாள் கட்டு ஒன்று கிடந்தது, தேதி போட்ட ஆள் விரல் கணுக்களை எண்ணும்போது ஒரு கணு தவறி ஜூனுக்கு முப்பத்தொன்று என்று ஒரு தாள் சேர்த்துவிட, ஆயிரக்கணக்கில் அச்சடித்த பிறகுதான் யாரோ பார்த்து, அந்த ஒரு தாளை மட்டும் எல்லாக் காலண்டரிலிருந்தும் உருவி மூலையில் எறிந்திருந்தார்கள். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் பெரிய எழுத்தில் 31, கீழே ராகு காலம், எமகண்டம், குளிகை என்று வரிசையாக அச்சடித்து எதிரே ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக விட்டிருக்கும், ஏனென்றால் பஞ்சாங்கத்தில் இல்லாத நாளுக்கு எந்த ஜோசியன் நேரம் கணித்துக் கொடுப்பான். வேலுத்தாய் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, விளக்குமாற்றுக் கம்பின் மேல் மைதாப் பசை தடவித் தடவி ஒவ்வொரு தாளாகச் சுற்றி, நிழலில் உலர்த்தி, கம்பை உருவியெடுத்தாள், குழாய் கட்டையாய் நின்றது.

மூக்குக்கு முருங்கைக் கட்டையைச் சீவினாள். அடியில் நெருப்பு வெளியேறும் வாய்க்குக் களிமண்ணைப் பிசைந்து அடுப்புத் தணலில் சுட்டாள், பெயிண்ட் வாளியின் மூடியை வெட்டி மூன்று இறக்கை ஒட்டினாள், தவசியின் பழைய குடைத்துணியை வட்டமாக நறுக்கிப் பாராசூட் தைத்தாள், அது கருகாமல் இருக்க நடுவில் தவிடு அடைத்தாள். கூரை மேல் சும்மா கிடந்த ஆன்டெனாக் குழாயை நட்டு, ராக்கெட்டின் இடுப்பில் கூல்டிரிங்ஸ் ஸ்ட்ராவை ஒட்டி அதில் கோத்துப் பார்த்தாள். முதலில் செய்த சின்னது பக்கவாட்டில் பாய்ந்து ஊர்த்தலைவர் இருளாண்டியின் வைக்கோல் படப்பில் நுழைந்தது, இரண்டாவது நின்ற இடத்திலேயே இருமிவிட்டு அணைந்தது. நடுவில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் மூக்கு முன்னால் போகவேண்டும் என்று தவசி சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது, மூன்றாவதை அப்படிச் சுழற்றியபோது மூக்கு சொன்னபடி முன்னால் போனது, அவள் முற்றத்தில் தனியாக நின்று சிரித்தாள்.

ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குக் கண்மாய்க்குள் வைத்துத் திரியில் நெருப்பு வைத்தாள். ஊரே கரையில் நின்றது, பாதி வேடிக்கை பார்க்க, பாதி இவளும் புருஷன் வழியில் போகிறாளா என்று பார்க்க. ராக்கெட் ஒரு சீறல் சீறி, கோடு கிழித்த மாதிரி நேராக மேலே போனது, போனது, இன்னும் போனது, புகை நூல் மாதிரி மெலிந்து, அப்புறம் புகையும் இல்லை ராக்கெட்டும் இல்லை. கழுத்து வலிக்கப் பார்த்தார்கள், மணி ஆறாகியும் ஒன்றும் கீழே வரவில்லை.

“போனது வரணும்ல,” என்றார் டீக்கடை சங்கிலி. “வரலேன்னா அளவு தப்புன்னுதானே அர்த்தம்?”

“அதானே,” என்றார் போர்மேன் குருவையா, மெதுவாக. ஊர் கலைந்து போனது, வேலுத்தாய் ஆன்டெனாக் குழாயைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் எழுந்து காலண்டரில் முப்பதைக் கிழித்தவர்கள் வீட்டுக்கு வீடு அதன் அடியில் முப்பத்தொன்று இருப்பதைப் பார்த்தார்கள், உருவி எறியப்பட்ட தாள் அதனதன் இடத்தில் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது, ராகு காலத்துக்கு எதிரே வெள்ளையாக. ஆறரை மணி பஸ் வரவில்லை, எட்டு மணி பஸ்ஸும் வரவில்லை, போனில் தேதி இருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை, யாரைக் கூப்பிட்டாலும் மணி அடிக்கவில்லை. ரோட்டில் நடந்து பார்க்கப் போனவர்கள் ஒரு மைல் நடந்து ஊரின் மறுகோடியில் வந்து சேர்ந்தார்கள். சரி, உலகத்துக்கு இல்லாத ஒரு நாள் நமக்கு மட்டும் வந்திருக்கிறது, ஆலை இல்லை, பிரஸ் இல்லை, மேஸ்திரி இல்லை என்று புரிந்ததும் ஊருக்கு முதலில் பயமும் அப்புறம் சிரிப்பும் வந்தது.

ராகு காலம் இல்லாத நாளில் மனுஷன் என்னவெல்லாம் செய்வான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபது வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இருவர் கடப்பாரையோடு வந்து இரண்டு முற்றத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துத் தள்ளிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சங்கிலி கடை பெஞ்சில் ஏறி நின்று, நேற்றைய டிக்காஷனைத்தான் இன்றைக்கும் ஊற்றுகிறேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று அழுது, பாத்திரத்தைத் தெருவில் கவிழ்த்தார். இருளாண்டி தன் மனைவியிடம், ஐந்து வருஷமாகச் சமைத்துப்போடும் கத்திரிக்காய்க் குழம்பு தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லிவிட்டு நடுங்கினார். மத்தியானத்துக்குள் ஊரில் சொல்லாமல் வைத்திருந்த பேச்சு பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது.

அந்த மத்தியானத்தில்தான் போர்மேன் மகள் மாரிக்கனிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம் என்று தாய் வீட்டுக்கு வந்திருந்தவள், பஸ் இல்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போன் இல்லை, ஊரில் இருந்தது நர்ஸ் அமலி ஒருத்திதான். அமலி வரும் வழியில் வேலுத்தாயைப் பார்த்து, “யக்கா, எனக்கு ரெண்டு கை போதாது, வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனாள். அந்த வீட்டு வாசலை நாலு வருஷமாக மிதிக்காத வேலுத்தாய் வெந்நீர்ப் பானையைச் சுமந்துகொண்டு உள்ளே போனாள்.

பிள்ளை குறுக்கே கிடந்தது. மூன்று மணிநேரம் மாரிக்கனி கத்தினாள், அப்புறம் கத்தவும் தெம்பில்லாமல் போனாள், அமலி வெளியே வந்து தலையை ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே போனாள். அப்போது குருவையா, ஊரில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவிடாத குருவையா, கதவுக்கு வெளியே, வெந்நீருக்கு வந்த வேலுத்தாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“தாயி, எம் பாவம் எம் பிள்ளை மேல இறங்குது. உம் புருஷன் அளவு தப்பலை. முதல் நாள் மீந்த மருந்து கிடந்துச்சு, ராத்திரி முழுக்க வச்ச மருந்து சூடாகியிருக்கும், அதைத் தொடக்கூடாதுன்னு அவன் சொன்னான். ஆர்டர் நிக்குதுடான்னு நான்தான் வாளியைத் தூக்கிட்டுப் போய் அவன் அறையில வச்சேன். கொட்டச் சொன்னதும் நான்தான். முடியாதுன்னான். பக்கத்தில இருந்தவனைக் கொட்டச் சொல்லிட்டு நான் வெளியே வந்தேன்.”

வேலுத்தாய்க்கு முதலில் ஒன்றும் கேட்காத மாதிரி இருந்தது. அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். நாலு வருஷமாக அவள் எதிர்பார்த்தது எல்லாம் தவசி தப்பு செய்யவில்லை என்ற ஒரு சொல்தான், வேறொருவர் கையில் வாளி இருந்திருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அடிக்க வேண்டும் என்று தோன்றியது, கை எழும்பவில்லை. அதற்குள் உள்ளே பிள்ளை அழுதது.

பெண் பிள்ளை. இடது காதோரம் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். பிள்ளை நாக்கில் முதல் சீனித்தண்ணீரைத் தொட்டுவைக்கும் சேனைக்கு ஆள் தேடியபோது, யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், மாரிக்கனி பாயில் கிடந்தபடியே, “வேலு அத்தை வைக்கட்டும்” என்றாள். தாலியறுத்தவள் சேனை வைப்பதா என்று அவள் அம்மா இழுத்தாள், ஆனால் கெட்ட நேரமே இல்லாத நாளில் யார் என்ன சொல்ல முடியும். வேலுத்தாய் விரலால் சீனித்தண்ணீரைத் தொட்டு அந்தப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள், அது சப்புக்கொட்டியது. தவசியைக் கொன்றவரின் பேத்தி மேல் தனக்கு ஆசை வந்ததை நினைத்து அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திகைத்துக்கொண்டே போனாள்.

ஜூலை ஒன்றாம் தேதி ஆறரை மணி பஸ் வந்தது. யாரும் அதில் ஏறவில்லை, ஊர் முழுக்கச் சமுதாயக்கூடத்தில் கூடியிருந்தது, நேற்றுப் பேசிய பேச்சுக்கெல்லாம் இன்று என்ன செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமுடியாமல். வேலுத்தாய் எழுந்தாள்.

“போர்மேன் அண்ணாச்சி நேத்து எங்கிட்ட ஒண்ணு சொன்னார். அதை எல்லார் முன்னாலயும் ஒருதரம் சொல்லச் சொல்லுங்க.”

குருவையா எழுந்து துண்டைத் தோளில் சரிசெய்தார். முகம் சலவை செய்த மாதிரி இருந்தது. “நேத்துன்னா எந்தத் தேதிம்மா? ஜூன் முப்பத்தொண்ணா? அப்படி ஒரு தேதியே இல்லையே. நான் என்ன சொல்றேன்னா, ஊரார் கேக்கணும், கணக்கில இல்லாத நாளைக் கணக்கில எடுக்கவேண்டாம். அன்னைக்குப் பேசினது பேசினது இல்லை, செஞ்சது செஞ்சது இல்லை. சம்மதம்னா கையைத் தூக்குங்க.”

ஊர் மூச்சு விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. சங்கிலி கையைத் தூக்கினார், இருளாண்டி தூக்கினார், சுவரை இடித்த அண்ணனும் தம்பியும் தூக்கினார்கள், ஒவ்வொரு கையாக எழும்பி, கூடத்தில் அவள் கையைத் தவிர கீழே இருந்த கை ஒன்றுமில்லை. இத்தனை பேருமா என்று அவள் வாய் திறந்து கேட்கும் முன்பே போர்மேன் வீட்டுப் பக்கமிருந்து அமலியின் அலறல் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். சேலைத் தொட்டில் காற்றில்லாத பை மாதிரி தொங்கியது. மாரிக்கனி பாயில் எழுந்து உட்கார்ந்து தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள், வயிறு முந்தாநாள் இருந்தபடியே நிறைந்து, முட்டி, உள்ளே பிள்ளை காலை நீட்டியது சேலைக்கு மேலேயே தெரிந்தது. தெருவில் இடித்த சுவர் செங்கல் குறையாமல் எழுந்து நின்றது, சங்கிலி கடையில் நேற்றுக் கொட்டிய டிக்காஷன் பாத்திரத்துக்குத் திரும்பியிருந்தது. வேலுத்தாய் தன் விரலை முகர்ந்து பார்த்தாள், சீனி வாசனை போய்விட்டிருந்தது.

ஊர் எதைத்தான் பழகிக்கொள்ளாது. முதல் பத்து நாள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள், அப்புறம் இன்றைக்கோ நாளைக்கோ பெற்றுவிடுவாள் என்றார்கள், ஆடி போய் ஆவணி வந்தது, ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது, மாரிக்கனியின் வயிறு கூடவும் இல்லை குறையவும் இல்லை. டவுனில் ஸ்கேன் எடுத்த இடத்தில் பிள்ளை நன்றாக இருக்கிறது, நாளைக்குப் பிறக்கும் என்று ஒவ்வொரு மாதமும் எழுதிக் கொடுத்தார்கள். அறுவைக்கு நாள் குறித்துக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் கத்தி கீறிய இடம் கத்திக்குப் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது, டாக்டர் கையைக் கழுவிவிட்டு, ஏற்கெனவே பிறந்த பிள்ளையை நான் எப்படி எடுப்பேன் என்பது மாதிரி பார்த்தார். திருப்பூரில் இருந்த அவள் புருஷன் ஒவ்வொரு தடவையும் கொலுசு வாங்கிக்கொண்டு வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போனான். கார்த்திகைக்குள் ஊர் அதையும் தன் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது, ஒரு வேலை இழுத்துக்கொண்டே போனால் மாரிக்கனி பிரசவம் மாதிரி என்றார்கள், அவள் காதுபடவே சொன்னார்கள்.

வேலுத்தாய்க்கு அந்தப் பழக்கம் வரவில்லை. பிரஸ்ஸுக்குப் போகும்போதும் வரும்போதும் போர்மேன் வீட்டு ஜன்னலில் அந்தப் பெண் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பாள், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல நின்றுவிடுவாள். இத்தனை நாளாக இந்த ஊர் என்னை மட்டும்தான் இப்படி ஒதுக்கிவைத்தது என்று நினைத்தேனே, சொந்தப் பிள்ளையையும் இப்படித்தான் கையைத் தூக்கி அனுப்பிவிடுமா என்று அவளுக்கு ஆறவே இல்லை.

பங்குனி பிறந்தது. மாரிக்கனிக்குப் பத்தொன்பதாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, ரத்தம் குறைந்து, மூச்சு வாங்கியது, அமலி ஒருநாள் குருவையாவைக் கூப்பிட்டு, “இனித் தாங்காது மாமா, இந்த மாசத்தைத் தாண்டாது, ரெண்டு உசுரும் போயிரும்” என்றாள். அன்று சாயங்காலம் அவர் வேலுத்தாய் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

“உள்ள வாங்கன்னு நீ சொல்லமாட்டே, சொல்லவும் வேண்டாம். ஊரைக் கூட்டியிருக்கேன். அந்த நாளைக் கணக்கில எடுத்துக்கிடலாம்னு கேக்கப்போறேன். எடுத்தா பிள்ளை பிறந்திடும். அந்த நாளை மட்டும் எடுத்துக்கிடலாம் தாயி, பேச்சை விட்டுரலாம். நீ ஒத்துக்கிட்டா போதும்.”

இப்படியும் ஒரு மனுஷன் கேட்பானா? அந்த நாளை வைத்துக்கொண்டு அதில் இருந்ததை மட்டும் எடுத்துவிட அது என்ன புளியா, கொட்டையை எடுத்துவிட்டுக் கரைப்பதற்கு. அவர் முகத்தில் காறித் துப்பவேண்டும் போல வந்தது. ஆனால் ஜன்னலில் நிற்கும் பெண்ணும், சப்புக்கொட்டிய அந்த உதடும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன, “வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் மாரிக்கனியை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். இருளாண்டி கேட்டார், அந்த நாளை எடுத்துக்கொள்வோம், பேசினதை விட்டுவிடுவோம், சம்மதமா. கைகள் எழும்பின. வேலுத்தாயும் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். மாரிக்கனியின் வயிறு அசையவில்லை. இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தார்கள், இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

“நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்,” என்று வேலுத்தாய் எழுந்து நின்று சொன்னாள். “எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை. எம் புருஷன் அளவு தப்பித்தான் செத்தான். போதுமா? பிள்ளையை விடுங்க.” இதைச் சொல்லும்போது அவளுக்கு உயிரே போய் வந்தது. அப்போதும் வயிறு அசையவில்லை.

“அந்த நாள் முழுசாத்தான் வரும் போலருக்கு,” என்றார் இருளாண்டி கடைசியில். மனைவி இருந்த பக்கம் திரும்பினார். “அந்தக் கத்திரிக்காய்க் குழம்பு எனக்குப் பிடிக்காதுன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.” மாரிக்கனி முனகினாள், வயிறு ஒரு விரற்கடை இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். சங்கிலி எழுந்து டிக்காஷனைச் சொன்னார், ஒருத்தி மாமியாரின் வளையலைத் தான்தான் எடுத்ததாகச் சொன்னாள், அண்ணன் எழுந்து தம்பியைப் பார்த்து, “சுவரை இடிச்சது நெசந்தான்டா” என்றான், தெருவில் சுவர் தடதடவென்று சரிந்து விழுந்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல வயிறு இறங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான் மிச்சம், குருவையா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மாரிக்கனி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். பெற்ற மகள் கண்ணுக்கு எதிரே சாகக் கிடக்கும்போதும் அந்த மனுஷனுக்கு வாய் திறக்க முடியவில்லை, வேலுத்தாய் தன் வாழ்நாளில் அதைப்போல ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

“அப்பா,” என்றாள் மாரிக்கனி. “கதவுக்கு இந்தப் பக்கம் நான் முழிச்சுத்தான் கிடந்தேன். வாளி, மீந்த மருந்து, எல்லாம் கேட்டேன். கேட்டுட்டுத்தான் இவளைப் பெத்தேன். அதனாலதான் அத்தையைச் சேனை வைக்கச் சொன்னேன். யாருகிட்ட மறைக்கிறீங்க? எனக்குத் தெரியக்கூடாதுன்னா? எனக்குத் தெரியும்பா.”

குருவையா அடிபட்ட ஆள் மாதிரி அவளைப் பார்த்தார். அப்படியே தூணோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்து, எங்கோ பார்த்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னார், மீந்த மருந்தை, வாளியை, தவசி முடியாது என்றதை, தான் வெளியே வந்து நின்று பீடி பற்றவைக்க நெருப்புப்பெட்டியைத் தேடியபோது பின்னால் வெடித்ததை. எழுதிக்கொள்ளுங்கள், நாளைக்கு ஸ்டேஷனிலும் சொல்கிறேன் என்றார். அவர் வாய் மூடுவதற்குள் மாரிக்கனி மடியில் பிள்ளை கிடந்தது, துடைத்து, சுத்தமாக, காதோரம் மிளகு மச்சத்தோடு, ஒன்பது மாதம் காக்கவைத்த கோபத்தில் ஊரே அதிரும்படி அழுதுகொண்டு.

எல்லோரும் பிள்ளையைப் பார்க்க முண்டியடித்தார்கள். வேலுத்தாய் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள், ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள், அது வரவில்லை. அதற்குப் பதிலாக, தவசி செத்துப்போய்விட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்தது. நாலு வருஷமும் சொச்சமும் அவன் தப்பு செய்யவில்லை, செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததில் அவன் இல்லை என்பதை நினைக்க அவளுக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை, ஒருநாள்கூட வாய்விட்டு அழவில்லை, ஊர்ப்பிள்ளைகளைக் கொன்றவன் என்று பேராகிப்போனவன் வீட்டுக்குச் சாவுத் துட்டி கேட்கவும் யாரும் வந்ததில்லை. அவள் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள், அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலம் வந்தது, அது தன் சத்தம்தான் என்று அவளுக்கே உடனே விளங்கவில்லை.

பிள்ளையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். பிறகு அதே வெடியில் மகனைப் பறிகொடுத்த அழகம்மாள், வேலுத்தாயைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறவள், முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்து அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள், அவள் தோளில் கைவைத்து அழுதாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி உட்கார்ந்தாள், அப்புறம் இன்னொருத்தி, ஒரு பக்கம் பிள்ளை அழுதுகொண்டிருக்க இந்தப் பக்கம் பெண்கள் வட்டமாக நிறைந்தார்கள். அழுது ஓய்ந்ததும், நேற்று நடந்த சாவுக்கு இன்று வந்தவர்கள் கேட்பதுபோல, அழகம்மாள் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

“சொல்லும்மா. உம் புருஷன் அன்னைக்குக் காலையில வீட்டைவிட்டுக் கிளம்பறப்ப என்ன சாப்பிட்டுட்டுப் போனான்?”